எட்டுத் துண்டு நிலா

ஒரு முழு நிலாவை ஒரே இரவில் தனியாக விழுங்கிய பெருமை நமக்கு உண்டு. ராகுவுக்குக்கூட இந்தப் பெருமை கிடையாது. அவன் விழுங்கிய சந்திரனைச் சிறிது நேரத்திற்கெல்லாம் உமிழ்ந்துவிடுகிறான். நமக்கோ அன்றிரவு உமிழவும் வழியில்லை, ஜீரணிக்கவும் வழியில்லை. ஹாங்காங் நகரத்தில் ஷாம் ஷுய் போ என்னும் பேட்டையில், ஒரு பழைய கட்டடத்தின் நான்காவது மாடியில், விடியும் வரையில் படுக்கையில் புரண்டுகொண்டிருந்தோம்.

நேயர்கள் கவலைப்பட வேண்டாம். வானத்துச் சந்திரன் பத்திரமாகத்தான் இருந்தான். நாம் விழுங்கியது சீனர்கள் தங்கள் வருஷத்தின் எட்டாவது மாதத்துப் பௌர்ணமிக்காகச் செய்யும் பட்சணத்தை. இங்கிலீஷில் 'மூன் கேக்' என்பார்கள். சீன பாஷையில் 'யுவெபிங்'. 'யுவெ' என்றால் சந்திரன். 'பிங்' என்றால் தட்டையான அப்பம். ஆகவே நாம் அதை 'நிலா அப்பம்' என்று அழைப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்க நியாயமில்லை.

இரண்டு வருஷங்களுக்கு முன் ஒரு காரியமாக ஹாங்காங் போயிருந்தோம். ஒரு சிநேகிதரின் சிபாரிசால் ஒரு சீனக் குடும்பத்தாரின் வீட்டில் வாடகைக்கு ஓர் அறை கிடைத்தது. பார்க்கப் போன வியாபாரி ஒருவர், விடைபெறும் சமயத்தில், சிவப்பும் பொன்னுமாக மின்னும் ஒரு தகரப் பெட்டியை நம் கையில் திணித்தார். உள்ளே நான்கு குழிகளில் நான்கு அப்பங்கள். இரவு பசித்தது. ஒன்றை எடுத்துக் கடித்தோம். நன்றாயிருந்தது. மீதியை என்ன செய்வது? மிச்சம் வைத்தால் எறும்பு வரும் என்ற நம் ஊர் யோசனை வந்தது. முழுவதையும் தின்று தீர்த்தோம்.

மறுநாள் காலையில் வீட்டுக்காரரின் தாயார், 78 வயது மூதாட்டி, நம் முகத்தைப் பார்த்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார். ஒரு குழி காலி. அவர் என்னவோ கேட்க, பள்ளிக்கூடத்தில் படிக்கும் பேத்தி இங்கிலீஷில் நமக்குச் சொன்னாள்: "யாருடன் சேர்ந்து சாப்பிட்டீர்கள் என்று பாட்டி கேட்கிறார்."

"யாரும் இல்லை. தனியாகத்தான்" என்றோம்.

மூதாட்டி முதலில் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு நம்மை மிகவும் பரிதாபமாகப் பார்த்தார். அந்தப் பரிதாபம் நம் வயிற்றைக் குறித்தது என்றே அப்போது எண்ணினோம்.

வயிற்றைக் குறித்தும் பரிதாபப்பட வேண்டியதுதான். ஹாங்காங்கிலும் அதை அடுத்த குவாங்டாங் மாகாணத்திலும் செய்யும் நிலா அப்பம் உள்ளங்கையில் அடங்கிவிடும்; ஆனால் நான்கு அப்பம் கொண்ட பெட்டி ஏறக்குறைய முக்கால் கிலோ எடை. மேல் மாவு பெயருக்குத்தான். மாவு இரண்டு பங்கென்றால் பூரணம் எட்டுப் பங்கு. கொழுக்கட்டை பிடிக்கும் நம் பெண்மணிகள் இந்தக் கணக்கைக் கேட்டு மூக்கின்மேல் விரலை வைக்கக்கூடும். பூரணம் தாமரை விதையால் ஆனது. விதையை ஊற வைத்து, நடுவில் உள்ள பச்சை முளையைக் கசப்புக்காகக் கிள்ளியெறிந்து, வேக வைத்து அரைத்து, சர்க்கரையும் எண்ணெயும் விட்டுப் பெரிய வாணலியில் சுருள வரும் வரையில் கிண்டுகிறார்கள். அல்வா கிண்டியவர்களின் தோள்பட்டைக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை.

இந்தப் பூரணத்தின் நடுவில் உப்பில் ஊறிய வாத்து முட்டையின் மஞ்சட்கருவை வைக்கிறார்கள். முட்டையை உப்பு ஜலத்திலோ உப்புச் சேற்றிலோ சுமார் ஒரு மாதம் போட்டு வைத்தால், கரு இறுகிச் செம்பொன் நிறமாகிறது. அப்பத்தைக் குறுக்கே வெட்டும்போது கருநிறப் பூரணத்தின் நடுவில் அது உதயமாகும். அதுதான் சந்திரன். பணக்கார அப்பங்களில் இரண்டு சந்திரன், சிலவற்றில் நான்கு சந்திரன்கூட உண்டு. வான சாஸ்திரத்தைப் பற்றி அந்தப் பணக்காரர்களுக்குக் கவலை இல்லை. இரண்டு கரு வைத்த ஓர் அப்பத்தில் சுமார் 800 கலோரி இருக்கிறதென்று ஆகார நிபுணர்கள் எச்சரிக்கிறார்கள். முட்டை விஷயத்தில் நம்முடைய கொள்கை என்னவென்று கேட்கக் காத்திருக்கும் நேயர்களுக்கு ஒரு சமாதானம்: கரு இல்லாத அப்பங்களும் அங்கே கிடைக்கின்றன. நாம் தின்றது எது என்பதை நேயர்கள் தயவு செய்து கேட்க வேண்டாம்.

எலுமிச்சம் பழச் சாறு விட்டுக் காய்ச்சிய சர்க்கரைப் பாகில், சிறிது கார ஜலமும் கடலை எண்ணெயும் சேர்த்துப் பிசைந்த மாவுதான் மேலுறை. பூரணத்தை அதில் பொதிந்து, சித்திர வேலை செய்த மர அச்சில் அமுக்கி, அச்சை மேஜையில் 'டக் டக்' என்று தட்டினால் அப்பம் பூவும் எழுத்துமாக வெளியே விழும். பிறகு அடுப்பில் வைத்துச் சுடுகிறார்கள். இதில் நம் மனத்தைக் கவர்ந்த விஷயம் ஒன்று உண்டு. அடுப்பிலிருந்து எடுத்தவுடன் அந்த அப்பம் சாப்பிட லாயக்கில்லை. மேல் மாவு வறட்டி மாதிரி விறைத்திருக்கும். இரண்டு மூன்று தினங்கள் சும்மா வைத்திருந்தால் பூரணத்தில் உள்ள எண்ணெய் மெல்லக் கசிந்து மாவுக்குள் ஊறி, மேலே ஒரு மினுமினுப்பும் உள்ளே ஒரு மென்மையும் உண்டாகும். இதை அவர்கள் 'எண்ணெய் திரும்புதல்' என்கிறார்கள். கெட்டியாயிருந்த அதிரசம் மறுநாள் மெத்தென்று ஆவதைக் கண்டவர்கள் நம்புவார்கள்.

சீனா முழுவதும் இதே அப்பம்தான் என்று எண்ணிவிடக் கூடாது. சூச்சோ பக்கத்தில் ஏடு ஏடாக உதிரும் மாவுக்குள் பன்றி இறைச்சியை வைத்துச் சுடச்சுடத் தின்கிறார்கள். யுன்னானில் உப்பிட்ட பன்றித் தொடை. வாதுமை, எள், பூசணி விதை முதலிய ஐந்து பருப்புகளைச் சேர்த்த அப்பம் ஒன்று பழைய காலத்திலிருந்து வருகிறது. இக்காலத்து இளைஞர்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை. 'ஐந்து பருப்பே, வெளியேறு!' என்று சில வருஷங்களுக்கு முன் இண்டர்நெட்டில் ஓர் இயக்கமே நடத்தினார்கள். வெள்ளையனை வெளியேற்ற உபயோகப்பட்ட சொல் பருப்புக்கும் உபயோகமாயிற்று பாருங்கள்! பாட்டிமார்கள் பருப்பின் கட்சி. நாமும் அந்தக் கட்சிதான்.

இந்தப் பண்டிகை பெரும்பாலும் நம் பிள்ளையார் சதுர்த்தி கழிந்து பதினோராம் நாள் வரும் பௌர்ணமியில் நிகழ்கிறது. அந்தச் சந்திரனில் சாங்-ஓ என்னும் தேவி வசிக்கிறாள். பத்துச் சூரியர்களில் ஒன்பது பேரை அம்பெய்து வீழ்த்திய வீரனின் மனைவி அவள். புருஷனுக்குக் கிடைத்த அமிர்தத்தைத் தான் அருந்திவிட்டு மேலே பறந்து போய், அவனைப் பிரிந்து அங்கேயே தங்கிவிட்டாள். அவளுக்குத் துணை ஒரு முயல். நம்மவர்கள் சந்திரனுக்குச் 'சசாங்கன்', அதாவது முயல் அடையாளம் உடையவன், என்று பேரிட்டதும் அதே மறுவைப் பார்த்துத்தான். நம் முயல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. சீனத்து முயல் உரலில் மருந்து இடிக்கிறது. 2013-ஆம் வருஷம் சந்திரனில் இறங்கிய சீன விமானத்துக்குச் சாங்-ஓ என்றும், அதிலிருந்து இறங்கி ஓடிய வண்டிக்கு 'ஜேட் முயல்' என்றும் பேர் வைத்தார்கள்.

அப்பத்தைப் பற்றி ஒரு ராஜத்துரோகக் கதையும் வழங்குகிறது. மங்கோலியர்கள் சீனாவை ஆண்ட காலத்தில், இன்ன தினத்தில் கலகம் செய்யுங்கள் என்று சீட்டு எழுதி, அப்பத்துக்குள் வைத்து வீடு வீடாக அனுப்பினார்களாம். அதன் பலனாக அந்நிய ஆட்சி ஒழிந்து, 1368-இல் ஜூ யுவான்ஜாங் மிங் வம்சத்தை ஸ்தாபித்தாராம். ஆட்சி மாறியது வாஸ்தவம். அப்பத்துக்குள் சீட்டு இருந்ததற்கு அக்காலத்து ஆதாரம் எதுவும் கிடையாது என்று சரித்திராசிரியர்கள் சொல்லுகிறார்கள். சரித்திராசிரியர்கள் எப்போதும் இப்படித்தான். ஆயினும் அவர்கள் ஒப்புக்கொள்ளும் ஆதாரம் ஒன்று உண்டு. பதினாறாம் நூற்றாண்டில் தியென் ருசெங் என்பவர், எட்டாம் மாதம் 15-ஆம் நாள் ஜனங்கள் ஒருவருக்கொருவர் நிலா அப்பம் கொடுத்துக்கொள்ளுகிறார்கள், குடும்பம் ஒன்று கூடுவதற்கு அது அடையாளம் என்று எழுதி வைத்திருக்கிறார். வட்டமான நிலவு, வட்டமான அப்பம், வட்டமாக உட்கார்ந்த குடும்பம்.

வட்டம் எல்லாருக்கும் பூர்த்தியாகிவிடுவதில்லை. சூ ஷி என்னும் மகாகவி 1076-இல் இதே பௌர்ணமி இரவில், உத்தியோக நிமித்தமாக எங்கோ தூரத்தில் இருந்துகொண்டு, பல வருஷங்களாகக் காணாத தம்பியை நினைத்து ஒரு பாட்டுப் பாடினார். அந்தப் பாட்டு இன்றைக்கும் சீனக் குழந்தைகளுக்கு மனப்பாடம். அன்று ஓர் உத்தியோகஸ்தரின் துக்கமாயிருந்தது இன்று கோடிக்கணக்கான ஜனங்களின் துக்கம். சொந்தக் கிராமத்தை விட்டு வேலைக்குப் போன தொழிலாளர்களின் தொகை சீனாவில் அவ்வளவு. 2008 முதல் சர்க்கார் இந்தப் பண்டிகைக்கு விடுமுறை விட்டிருக்கிறார்கள். ஆனால் ஒரு நாள் விடுமுறையில் எத்தனை தூரம் போய்த் திரும்ப முடியும்? தொழிற்சாலைக்காரர்கள் ஆளுக்கு ஒரு பெட்டி அப்பம் கொடுத்துவிடுகிறார்கள்.

பெட்டி என்றதும் பெட்டியின் அட்டூழியத்தையும் சொல்லிவிட வேண்டும். ஹாங்காங்கில் முன்னாளில் ஏழைக் குடும்பங்கள் நிலா அப்பத்துக்குச் சீட்டுக் கட்டிவந்தார்கள். மாதாமாதம் கடைக்காரரிடம் சிறு தொகை. வருஷம் முடிந்து பண்டிகை வந்ததும் உற்றார் உறவினருக்கெல்லாம் கொடுக்கும்படி பெட்டி பெட்டியாக அப்பம். நம் தீபாவளிச் சீட்டேதான். இப்படி மரியாதையாக ஆரம்பித்த கொடுக்கல் வாங்கல், சீனாவில் பணம் பெருகிய காலத்தில் வேறு உருவம் எடுத்தது. உத்தியோகஸ்தர்களுக்குப் போகும் பெட்டியில் அப்பத்தோடு மதுபானமும் விலை உயர்ந்த சாமான்களும் ஏறின. கடைசியில் 2013-இல் சர்க்கார் பணத்தில் நிலா அப்பம் வாங்கிப் பரிசளிக்கக் கூடாதென்று தடை பிறந்தது. 2022-இல் மற்றொரு சட்டம்: அப்பத்துக்கு மூன்று உறைக்குமேல் கூடாது, பெட்டியில் தங்கம் வெள்ளி கூடாது, 500 யுவானுக்குமேல் விலை வைத்தால் அதிகாரிகள் கண்காணிப்பார்கள்.

இதைவிட விசித்திரம் அப்பச் சீட்டு. கடைக்காரர் அப்பத்துக்குப் பதிலாக, 'இதைக் கொண்டுவருபவருக்கு 100 யுவான் பெறுமான அப்பம் கொடுக்கப்படும்' என்று சீட்டு அச்சடிக்கிறார். அதைத் தரகர் 70 யுவானுக்கு வாங்கி ஒரு கம்பெனிக்கு 80-க்கு விற்கிறார். கம்பெனி தன் குமாஸ்தாவுக்கு இனாமாகக் கொடுக்கிறது. குமாஸ்தாவின் வீட்டில் ஏற்கெனவே ஏழு பெட்டி. அவர் அதைத் தெருவில் நிற்கும் ஒருவரிடம் 40-க்குத் தள்ளுகிறார். தெரு ஆசாமி அதைக் கடைக்காரரிடமே கொண்டுபோய் 50-க்குக் கொடுத்துவிடுகிறார். கணக்குப் பாருங்கள்: கடைக்காரருக்கு 20, தரகருக்கு 10, குமாஸ்தாவுக்கு 40, தெரு ஆசாமிக்கு 10. கம்பெனி கொடுத்த 80-ம் சரியாய்ப் போயிற்று. எல்லாருக்கும் லாபம். ஆனால் அடுப்பு மூட்டவில்லை, மாவு பிசையவில்லை, ஓர் அப்பம்கூட இந்த உலகத்தில் ஜனிக்கவில்லை! நாம் சொன்ன தொகைகள் உதாரணத்துக்குத்தான். முறை உண்மையில் நடந்துவரும் முறையே. வேதாந்திகள் இதற்கு மாயை என்று பெயர் சொல்லுவார்கள்.

இப்படிக் கை மாறிக் கை மாறி வந்த ஒரு பெட்டிதான் நமக்கும் கிடைத்திருக்கும் என்று ஊகிக்கிறோம். மிகுந்த மூன்று அப்பங்களையும் மூதாட்டியிடம் ஒப்படைத்துவிட்டோம்.

பண்டிகை இரவு வந்தது. ஹாங்காங்கில் விடுமுறை பண்டிகைக்கு மறுநாள்தான். ஜனங்கள் ராத்திரி கண் விழிப்பார்கள் என்பதைச் சர்க்கார் அறிந்து செய்த ஏற்பாடு. டாய் ஹாங் என்னும் பேட்டையில் 67 மீட்டர் நீளமுள்ள வைக்கோல் நாகத்தின் உடம்பு முழுவதும் ஊதுவத்தி செருகிக் கொளுத்தி, தெருத் தெருவாக ஆட்டிக்கொண்டு போவார்கள். 1880-இல் ஒரு கொள்ளை நோயை ஓட்டுவதற்காக ஆரம்பித்த வழக்கம். போய்ப் பார்க்க வேண்டும் என்று நமக்கு ஆசைதான். ஆனால் மூதாட்டி நம்மைச் சாப்பிட அழைத்துவிட்டார். மறுப்பதற்கு முன்தின அப்பத்தின் நினைவு இடம் கொடுக்கவில்லை.

இராச் சாப்பாடு முடிந்து எல்லாரும் மொட்டை மாடிக்குப் போனோம். சுற்றிலும் மற்ற மாடிகளில் காகித விளக்குகள் ஆடிக்கொண்டிருந்தன. பையன் உரித்த பம்பளிமாஸ் தோலைத் தொப்பியாகத் தலையில் கவிழ்த்துக்கொண்டிருந்தான். சின்ன மேஜையில் வேக வைத்த சேப்பங்கிழங்கு, பழங்கள், கறுத்துக் கொதிக்கும் தேநீர். நடுவில் ஒரே ஓர் அப்பம்.

மூதாட்டி கத்தியை எடுத்தார். வெட்டுவதற்கு முன் உதடு அசைந்தது. மந்திரம் சொல்லுகிறாரோ என்று பார்த்தோம். "எண்ணுகிறார்" என்றாள் பேத்தி. எத்தனை பேர் குடும்பத்தில் உண்டோ அத்தனை துண்டு, எல்லாம் ஒரே அளவு. ஊரில் இல்லாதவர்களுக்கும் துண்டு உண்டு. பாட்டி, மகன், மருமகள், பேத்தி, பேரன்: ஐந்து. கனடாவில் டொராண்டோவில் இருக்கும் இளைய மகன் ஆறு. லண்டனில் வாழ்க்கைப்பட்ட மகள் ஏழு.

"ஏழு துண்டு சமமாக வெட்டுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?" என்று வீட்டுக்காரர் நம்மிடம் சொன்னார். "ஆறு வருஷமாக அம்மா இந்த ஏழோடு போராடுகிறாள். அப்பா இருந்தவரையில் எட்டு. இரண்டு, நான்கு, எட்டு என்று சுலபமாகப் போய்விடும்."

மூதாட்டி நம்மைப் பார்த்து ஏதோ சொன்னார். பேத்தி மொழிபெயர்த்தாள்: "இன்றைக்கு நீங்கள் இருக்கிறீர்கள். சுலபம் என்கிறார்."

குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று, பிறகு மூலைக்கு மூலை இரண்டு. ஒவ்வொரு துண்டிலும் மஞ்சட்கருவின் ஒரு கீற்று. நம் பங்கு இரண்டு விரல் அகலம் இருக்கும். முன் இரவில் கடித்துக் கடித்து மென்று தள்ளிய அதே பட்சணம். சிறு துண்டாக, கசக்கும் தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டுச் சாப்பிட்டபோது, தாமரை விதையின் மணம் முதலில் தெரிந்தது. சர்க்கரைக்குப் பின்னால் அந்த முட்டையின் உப்பு வந்து தித்திப்பைத் தாங்கிக்கொண்டது. நேற்று இதெல்லாம் இருந்திருக்கத்தான் வேண்டும். நமக்குத் தெரியவில்லை. (முட்டை விஷயம் வெளிப்பட்டுவிட்டது. நேயர்கள் மன்னிக்க.)

இல்லாதவர்களின் இரண்டு துண்டுகளையும் மூதாட்டி ஒரு கிண்ணத்தால் மூடி வைத்தார். மறுநாள் காலையில் பேரப் பிள்ளைகளுக்குப் போகுமாம்.

மணி ஒன்பது ஆயிற்று. வீட்டுக்காரர் கைப்பேசியில் தம்பியைக் கூப்பிட்டார். டொராண்டோவில் அப்போது அதே நாள் காலை மணி ஒன்பது. கண்ணாடியில் ஓர் இளைஞரின் முகம் தெரிந்தது. பின்னால் ஜன்னலில் வெயில். மூதாட்டி கைப்பேசியை வாங்கி வானத்துக்கு நேரே பிடித்தார். அதில் சந்திரன் வெறும் வெள்ளைப் புள்ளியாகத்தான் தெரிந்திருக்கும். "நன்றாய்த் தெரிகிறது அம்மா" என்றார் மகன்.

அவரும் அங்கே ஒரு சீனக் கடையில் அப்பம் வாங்கியிருந்தார். தட்டை எடுத்துக் காட்டினார். நாலாக வெட்டியிருந்தது. அதில் ஒரு துண்டைக் காணோம்.

"சந்திரன் உதிக்கும் முன்பே தின்றுவிட்டாயா?" என்று தாயார் கேட்டார்.

"ராத்திரி வேலை இருக்கிறது அம்மா. வீட்டில் இருக்க மாட்டேன்."

"மற்ற மூன்று துண்டு யாருக்கு?"

மகன் சிறிது யோசித்தார். "நாளைக்கு ஒன்று, நாளன்றைக்கு ஒன்று, அதற்கு அடுத்த நாள் ஒன்று" என்றார்.

பேத்தி இதை நமக்குச் சொல்லி முடிப்பதற்குள் மூதாட்டி அடுத்தபடியாக, அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டதா என்று விசாரிக்கத் தொடங்கியிருந்தார்.